அந்தப் பத்து நிமிஷம் வீட்டில் யாருக்குக் கிடைக்குது?

நீளமான இழை. டீ குடிச்சுக்கிட்டே பொறுமையா படிங்க.

ஓபியில் அடிக்கடி வரும் மூன்று கேள்விகள்:

"தியானம் பண்ணா பிரஷர் குறையும்னு சொல்றாங்களே சார், மாத்திரையை நிறுத்திடலாமா?"

"தினமும் ஜெபம் பண்றேன். அப்பவும் ஏன் மனசு படபடன்னே இருக்கு?"

"சாமி கும்பிட்டு கொஞ்ச நேரம் அமைதியா உட்காருன்னு எல்லாரும் சொல்றாங்க. உட்கார எங்க சார் நேரம்?"

முதல் கேள்வியைப் பெரும்பாலும் ஆண்கள் கேட்பார்கள். மூன்றாவது அநேகமாகப் பெண்களிடமிருந்து மட்டுமே வரும். இதில் எது முக்கியமான மருத்துவக் கேள்வி என்று என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் என்பேன். ஆனா நாம யாரும் அதைக் கேள்வியாவே எடுத்துக்கிறதில்லை. புலம்பல்னு ஒதுக்கிடறோம்.

வரிசையாவே போவோம். முதலில் பிரஷர்.

அமைதியாக உட்காருவதை மருத்துவம் அதிகாரபூர்வமாகக் கட்டாயப்படுத்தும் ஒரு இடம் உண்டு. பிரஷர் பார்க்கும் இடம்தான் அது. அளப்பதற்கு முன் 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால் மேல் கால் கூடாது. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. முக்கியமாக, பேசக் கூடாது. பேசினாலே பிரஷர் ஏறும்.

அரசு மருத்துவமனை ஓபி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். விடியறதுக்கு முன்னாடி எழுந்து, சமைச்சு வெச்சிட்டு, பஸ்ஸைப் பிடிச்சு, ஓபி சீட்டு வரிசையில நின்னு, அங்க யாரோ குறுக்க புகுந்ததுக்குச் சண்டை போட்டு, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த உடனே கையில பட்டையைச் சுத்தினா 160/100 காட்டத்தான் செய்யும். அதே ஆளை ஓரமா பெஞ்சில் உட்கார வைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பல பேருக்கு மேல் எண் 10, 15 இறங்கியிருக்கும். நாங்கள் மருந்து எதுவும் கொடுத்திருக்க மாட்டோம்.

எல்லோருக்கும் இறங்காது. உட்கார வைத்து, வேறு வேறு நாளில் பார்த்தும் இறங்காதவர்களுக்கு மாத்திரை தேவை. அதில் மாற்றுக் கருத்தே இல்லை.

அப்படி ஒரு நாள் ஒரு அம்மாவிடம் "அஞ்சு நிமிஷம் எதுவும் பண்ணாம சும்மா உட்காருங்கம்மா" என்றேன். "கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படி ஒருத்தர் சொல்லி இன்னிக்குத்தான் சார் கேக்குறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பக்கத்தில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் என்னை விட அதிகமாகச் சிரித்தார். அவருக்கு என்ன புரிந்தது என்பது எனக்கும் புரிந்தது.

சரி, சும்மா உட்கார்ந்தால் ஏன் இறங்குகிறது?

நம் உடம்பில் நாம் கேட்காமலே ஓடும் நரம்பு மண்டலம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பகுதி வண்டியின் ஆக்சிலரேட்டர் மாதிரி. பயம், கோபம், அவசரம் வந்தால் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். இன்னொரு பகுதி பிரேக். மூளையிலிருந்து கிளம்பி இதயம், நுரையீரல், குடல் வரை போகும் வேகஸ் நரம்பு இந்த பிரேக்கின் முக்கியமான கம்பி. இதயத்துடிப்பைப் பார்த்து "மெதுவா அடி" என்று நாம் சொன்னால் அது கேட்காது. ஆனால் மூச்சு நாம் சொன்னால் கேட்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் கூடும், வெளியே விடும்போது கொஞ்சம் குறையும். நிதானமா, நீளமா மூச்சை வெளியே விட விட பிரேக் நன்றாகப் பிடிக்கும்.

இங்கேதான் பிரார்த்தனை உள்ளே வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரின் குழு செய்தது, 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஆரோக்கியமான 23 பேரை ஜெபமாலை ஜெபத்தை லத்தீனில் சொல்ல வைத்தார்கள். ஒரு யோக மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு 6 என்ற அளவுக்கு வந்து நின்றது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். கழுத்து ரத்தக் குழாயிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயிலும் அழுத்தத்தை உணர்ந்து சரிசெய்யும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதன் செயல்பாடும் அந்த நேரத்தில் மேம்பட்டது.

யாரும் அவர்களிடம் "மூச்சை மெதுவாக விடு" என்று சொல்லவில்லை. ஜெபத்தின் நீளமே மூச்சை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆயிரம் வருஷமா ஜனங்க சும்மா முணுமுணுக்கலை பாருங்க.

இது 23 பேரிடம் செய்த சின்ன ஆய்வு. ஜெபம் நோயைக் குணமாக்கும் என்று அது சொல்லவில்லை, அந்த நேரத்தில் உடம்பில் என்ன நடக்கிறது என்று மட்டும் காட்டியது. இதே வேலையை நிதானமாகச் சொல்லும் திக்ரும் செய்யலாம், நாமஜெபமும் செய்யலாம். சாமி நம்பிக்கை இல்லாதவர்கள் வெறுமனே மூச்சை எண்ணிக்கொண்டு உட்காரலாம். நுரையீரல் யாரிடமும் மதம் கேட்பதில்லை.

அப்போ மாத்திரை?

தியானம் பற்றி 47 ஆய்வுகளைச் சேர்த்து, மொத்தம் 3,515 பேரின் விவரங்களை அலசி, 2014-ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. பதட்டம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு பலன் இருக்கிறது என்றார்கள். ஓரளவு. இந்த வார்த்தையை அடிக்கோடு போட்டுப் படிங்க. அமைதி நேரம் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் பக்கத் துணை, மாத்திரைக்கு மாற்று கிடையாது. தியான வகுப்பில் சேர்ந்த உற்சாகத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு, கை கால் இழுத்துக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தியானத்துக்கு உட்காருங்கள். இரண்டுக்கும் சண்டை கிடையாது.

பிரார்த்தனையை மருந்து மாதிரியே சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஹார்வர்டு இதயநோய் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், 1975-ல் அமைதி நிலையில் உடம்பு எப்படி மாறுகிறது என்று புத்தகமே எழுதியவர். அவர் தலைமையில் நடந்த பெரிய ஆய்வு 2006-ல் வெளியானது. இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர். ஒரு பிரிவினருக்காக முன்பின் தெரியாதவர்கள் பிரார்த்தனை செய்தார்கள், ஆனால் அது நிச்சயமாக நடக்கிறதா என்று நோயாளிக்குத் தெரியாது. இன்னொரு பிரிவினருக்காக யாரும் செய்யவில்லை, அதுவும் அவர்களுக்குத் தெரியாது. மூன்றாவது பிரிவினரிடம் "உங்களுக்காகக் கட்டாயம் பிரார்த்தனை நடக்கிறது" என்று சொல்லிவிட்டே செய்தார்கள்.

முதல் இரண்டு பிரிவிலும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒன்றுதான், 52 சதவீதம், 51 சதவீதம். மூன்றாவது பிரிவில் 59 சதவீதம்! தெரிந்தவர்களுக்குக் கூடிவிட்டது. தற்செயலாக இருக்கலாம். "எனக்காக ஊரே வேண்டுகிறது என்றால் என் நிலைமை அவ்வளவு மோசமா?" என்ற பயம்கூடக் காரணமாக இருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு "பார்த்தியா, பிரார்த்தனை வேஸ்ட்" என்று துள்ள வேண்டாம். அந்த ஆய்வு அளந்தது, அடுத்தவருக்காகத் தூரத்தில் இருந்து செய்யும் பிரார்த்தனை அறுவை சிகிச்சையின் முடிவை மாற்றுமா என்பதை. தானே உட்கார்ந்து பிரார்த்தனை செய்கிறவருக்குள் என்ன நடக்கிறது என்பது வேறு விஷயம். நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி. பாட்டி பேரன் கையில் மந்திரித்த கயிறு கட்டினால் நான் அவிழ்க்கச் சொல்வதில்லை. ஐவி லைன் போடுற இடத்தை விட்டுட்டுக் கட்டுங்க பாட்டின்னுதான் சொல்வேன்.

ஆனால் கயிறு சங்கிலியாக மாறும் இடம் ஒன்று இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தர்காவை நம்பிக் குடும்பத்தினர் கொண்டுவந்து விட்ட மனநல நோயாளிகளைத் தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். விடியற்காலை தீப்பிடித்தது. ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அவர்களை அங்கே விட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிரார்த்தனை போதும் என்று நம்பியவர்கள், பக்கத்தில் மனநல மருத்துவர் இல்லாதவர்கள். பிறகு அதே ஏர்வாடியில் 'தவா–துவா' என்று, மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. துவாவை விடச் சொல்லாமல், தவாவையும் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். எனக்குத் தெரிந்து இந்த விவகாரத்தில் யாரும் எடுத்த புத்திசாலித்தனமான முடிவு அது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஜெபம் பண்றேன், தொழறேன், விளக்கேத்துறேன், அப்பவும் ஏன் படபடப்பு?

முதலில் பதில் உடம்பில் இருக்கலாம். ரத்தசோகை இருந்தால் படபடக்கும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடக்கும், கை நடுங்கும், எடை குறையும். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விரதம் இருந்தாலும் படபடக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுக்காமல் "உங்களுக்கு நம்பிக்கை பத்தலை" என்று யாராவது சொன்னால், அவர் குருவோ பாஸ்டரோ மாமியாரோ, கேட்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனசு பாரமாகவே இருக்கிறது, எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டது, நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, ஆலோசனை சிகிச்சை உண்டு. மனச்சோர்வில் இருப்பவருக்கு ஜெபத்தில்கூட மனசு ஒட்டாது. அது நோயின் அறிகுறி. அதையும் தன் பாவக் கணக்கில் சேர்த்து எழுதிக்கொண்டு உள்ளேயே புழுங்குகிறார்கள். சாக வேண்டும் போலத் தோன்றினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். டெலி மனாஸ் 14416, எந்த நேரமும் அழைக்கலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம். 104-லும் பேசலாம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பிரார்த்தனையே நோயின் வடிவம் எடுக்கும். ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டோமோ, மறுபடி முதலிலிருந்து சொல்லாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று திரும்பத் திரும்ப, மணிக்கணக்காக. சுத்தம் போதவில்லை என்று மறுபடி மறுபடி கை கால் கழுவுவது. வெளியே இருந்து பார்த்தால் "எவ்வளவு பக்தி" என்று தோன்றும். உள்ளே அந்த மனிதர் பயத்தில் செத்துக்கொண்டிருப்பார். எண்ணச் சுழற்சி நோய், ஓசிடி என்பார்கள். சிகிச்சையில் நன்றாகக் கட்டுக்குள் வரும். பிரார்த்தனை முடிந்து எழுந்திருக்கும்போது கொஞ்சமாவது லேசாக இருக்கிறதா, இல்லை பயம் கூடியிருக்கிறதா? உங்களையே கேட்டுப் பாருங்கள்.

அதே மாதிரி, கண்ணை மூடி உட்கார்ந்தாலே பழைய கொடுமைகள் கண் முன்னால் வருகிறவர்களும் உண்டு. அவர்களைப் "பிடிவாதமா உட்காரு" என்று வற்புறுத்த வேண்டாம். கண்ணைத் திறந்துகொண்டே மெதுவாக நடக்கலாம். முதலில் மருத்துவரிடம் பேசலாம்.

இப்போ மூன்றாவது கேள்வி. இதுக்காகத்தான் இந்த இழையே.

2019-ல் மத்திய அரசு நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. யார், எந்த வேலைக்கு, நாளில் எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவழிப்பது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி மட்டும்தான் இந்த 97. அப்படிச் செய்கிறவர்களே நூற்றுக்கு 26 பேர்தான், பெண்களில் 81 பேர்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பூஜையறையைப் பாருங்கள்.

அப்பா குளித்துவிட்டு வந்து உட்காருவார். "சத்தம் போடாதீங்க, அப்பா சாமி கும்பிடுறார்." வீடே அடங்கும், டிவி சத்தம் குறையும், குழந்தையை அந்தப் பக்கம் போகவிடாமல் யாரோ தூக்கிக்கொள்வார்கள். அவர் கும்பிட்டுவிட்டு எழுந்து வரும்போது காபி தயாராக இருக்கும். உண்மையிலேயே அவருக்கு அமைதி கிடைக்கும். கிடைக்காமல் எப்படி இருக்கும்?

அம்மாவின் பக்தி வேறு மாதிரி. வெள்ளிக்கிழமை என்றால் வீட்டைக் கழுவணும், விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கணும், கோலம், பூ கட்டுவது, சர்க்கரைப் பொங்கல். எல்லாம் முடித்து விளக்கேற்றிக் கையெடுத்துக் கும்பிடும் நேரம் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்திலும் ஒரு காது குக்கர் விசிலில் இருக்கும். நான் கேலி செய்யவில்லை. இதற்குப் பெயர் பிரார்த்தனை என்றால், அதில் இருப்பதில் பெரும்பங்கு வேலைதான்.

இதில் மத வித்தியாசமெல்லாம் கிடையாது. ரமலானில் சஹருக்கு எல்லோரையும் விட முன்னாடியே எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பது யார்? இஃப்தார் நேரத்தில் எல்லோரும் துவா கேட்கும்போது வடைச் சட்டி பக்கத்தில் நிற்பது யார்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பும் முன் மதியக் குழம்புக்கு மசாலா அரைத்து வைத்துவிட்டுப் போவது யார்? சாமி நம்பிக்கையே இல்லாத வீட்டிலும் காலையில் பேப்பரோடு அமைதியாக உட்காருவது யார், டம்ளரை எடுத்துப் போவது யார் என்று பார்த்துக்கொள்ளலாம்.

அதனால்தான் "தினமும் கொஞ்ச நேரம் உங்களுக்காக ஒதுக்குங்கம்மா" என்று டாக்டர்களும் ஆன்மிகப் பேச்சாளர்களும் வீடியோவில் சொல்லும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். ஒதுக்குவது அவர் கையில் இருக்கிறதா? பத்து நிமிடம் என்பது அவர் எடுத்துக்கொள்ள வேண்டியது என்று நினைக்கிறோம். வீட்டில் இருக்கிற மற்றவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதும் கூட. அவர் உட்கார்ந்தால் அந்தப் பத்து நிமிட வேலையை யாராவது செய்யணும். இல்லையென்றால் எழுந்ததும் அவரே வேகமாகச் செய்யணும். அப்போது ஏறும் பிரஷருக்கு உட்கார்ந்தது கழிந்துவிடும்.

"ரீல்ஸ் பார்க்க மட்டும் நேரம் இருக்கே?" உடனே இந்தக் கமென்ட் வரும், தெரியும். ரீல்ஸை எப்போது வேண்டுமானாலும் விட்டுவிட்டு எழுந்திருக்கலாம். கூப்பிட்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடலாம். அதனாலேயே, எந்த நேரமும் கூப்பிடப்படும் ஒருவருக்கு அது தோதாக இருக்கிறது. அமைதியாக உட்காருவதற்குக் "கூப்பிட மாட்டாங்க" என்ற நிம்மதி முதலில் வேண்டும்.

அதோடு, சும்மா உட்காருவது யாருக்குமே லேசான காரியம் இல்லை. 2014-ல் சயின்ஸ் இதழில் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. 15 நிமிடம் அறையில் தனியாக, எதுவும் செய்யாமல் யோசித்துக்கொண்டு இருக்கணும். வேண்டுமானால் ஒரு பட்டனை அழுத்தித் தனக்குத்தானே சின்னதாக ஷாக் கொடுத்துக்கொள்ளலாம். 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் ஷாக் கொடுத்துக்கொண்டார்கள்! சும்மா இருப்பதை விட ஷாக் தேவலை என்று ஆகிவிட்டது. அதனால் முதல் வாரம் உங்களுக்கு எரிச்சலாக வந்தால் பயப்பட வேண்டாம். எல்லோருக்கும் அப்படித்தான்.

எப்படி உட்காருவது என்று கேட்பவர்களுக்கு, பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தரையில்தான் உட்காரணும் என்று கிடையாது. மூட்டு வலி இருந்தால் நாற்காலி. போன் பக்கத்து அறையில். உங்கள் பிரார்த்தனை எதுவோ அதை அவசரமில்லாமல் சொல்லுங்கள், இல்லை மூச்சைக் கவனியுங்கள். மனசு ஓடும், ரேஷன் கடை, ஸ்கூல் ஃபீஸ், நாத்தனார் சொன்ன வார்த்தை எல்லாம் வரும். வந்ததும் திரும்பக் கூட்டிக்கொண்டு வரணும். அதுதான் பயிற்சியே. நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். மாத்திரை மாதிரி தினமும் ஒரே நேரம் என்றால் உங்களுக்கும் பழகும், முக்கியமாக வீட்டில் மற்றவர்களுக்கும் பழகும். நைட் டூட்டி பார்ப்பவர்கள், ஷிஃப்ட் டிரைவர்கள், நீங்கள் காலை வேளையைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. தூங்கி எழுந்ததும் அந்த நேரம் எதுவோ அது.

அமைதி பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன், திட்டுவார்கள், பரவாயில்லை. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. நம் ஊரில் திருவிழாவோ, கூட்டமோ, கட்சி மாநாடோ, குழாய் ஸ்பீக்கர் முதலில் கட்டப்படுவது ஆஸ்பத்திரி மின்கம்பத்தில்தான். எந்தச் சாமியும் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. உள்ளே படுத்திருப்பவரும் ஏதோ ஒரு சாமியைத்தான் மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருக்கும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறீர்களா? மரத்தடிப் பிள்ளையாரைச் சுற்றிவிட்டு, படிக்கட்டு ஓரம் முந்தானையை விரித்து உட்கார்ந்து உதடு மட்டும் அசையும். அவர்களுக்காக ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு சின்ன அறை, படமும் சிலையும் இல்லாமல், பெஞ்சும் ஒரு ஃபேனும் மட்டும் போட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும். எங்கள் நர்ஸ்களும் அதில் பத்து நிமிடம் உட்காருவார்கள்.

போன மாதம் ஒருவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவுக்கு பிரஷர், சர்க்கரை இரண்டும் இருக்கிறது. மாத்திரை சரியாகத்தான் சாப்பிடுகிறார், தூக்கம் இல்லை, எதற்கெடுத்தாலும் படபடப்பு. ரத்தப் பரிசோதனை, தைராய்டு, ஈசிஜி எல்லாம் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. மனநலப் பிரிவிலும் காட்டிவிட்டு வந்திருந்தார்கள், பயப்பட ஒன்றுமில்லை, தினமும் கொஞ்ச நேரம் அமைதியாக உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

"எங்க சார் உட்காருறா? நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்" என்றார் கணவர்.

"எப்ப உட்காரணும்னு ஆசைம்மா உங்களுக்கு?"

"சாயங்காலம் விளக்கு வெக்கிற நேரம் சார். ஆனா அப்பதான் இவர் வேலையிலேருந்து வருவாரு. டீ போடணும்."

"ஆறரையிலேருந்து ஆறே முக்கால் வரைக்கும் அடுப்படி உங்க பொறுப்பு" என்றேன் கணவரிடம்.

"எனக்கு டீயைத் தவிர எதுவும் வராது சார்."

"டீ போதும். உங்களுக்கும் அவங்களுக்கும். அவங்க எழுந்து வந்த பிறகு குடுங்க. நடுவுல 'சர்க்கரை டப்பா எங்க இருக்கு'ன்னு மட்டும் கேட்டுடாதீங்க."

இந்த மாதம் மருந்து வாங்க இருவரும் வந்தார்கள். பிரஷர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஒரு மாதத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, மாத்திரை அதே அளவில் தொடர்கிறது. தூக்கம் எப்படி என்றேன், பரவாயில்லை சார் என்றார். வேறு ஏதாவது தொந்தரவு?

"டீயில சர்க்கரையை அள்ளிப் போடுறாரு சார். ஆசையா போட்டுத் தராரேன்னு குடிச்சுடறேன்."

சீட்டின் பின்பக்கத்தில் கணவருக்குத் தனியாக எழுதிக் கொடுத்தேன்: டீ, சர்க்கரை இல்லாமல், தினம் ஒரு வேளை, மாலை 6.45-க்கு.